சிப் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி: பாலக்காட்டு எல்லைச் சிறு கம்பெனிகளுக்கு

வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டிலும், தெற்கே வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியிலும் போர்டு அசெம்பிள் பண்ணுகிறவர்கள், சென்சார் செய்கிறவர்கள் என்று நம் ஆட்கள் இருக்கிறார்கள். செமிகண்டக்டர் ஆய்வு என்றாலே அது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் வெறுங்கையோடு போய் நிற்கவும் கூடாது.

முதலில் இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெல்ஜியத்தில் லூவன் நகரில் 1984-ல் தொடங்கிய ஐமெக் என்ற நிலையத்தில், சந்தையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிற கம்பெனிகளே ஒரே க்ளீன்ரூமுக்கு, அதாவது சிப் செய்கிற தூசியில்லாத அறைக்கு, தங்கள் எஞ்சினியர்களை அனுப்பி, செலவைப் பங்கு போட்டு ஆராய்ச்சி செய்கின்றன. சண்டை வராமல் இருப்பதற்குக் காரணம், கிடைக்கிற முடிவுகளை முன்கூட்டியே மூன்றாகப் பிரித்து எழுதிவைப்பதுதான்: நிலையத்துக்கு மட்டும் சொந்தமானது, நிலையமும் கம்பெனியும் சேர்ந்து வைத்திருப்பது, கம்பெனிக்கு மட்டும் சொந்தமானது. இப்படி வெளியாட்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை ஓப்பன் இன்னோவேஷன் என்பார்கள். எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொட்டிவிடுவது அல்ல அது. எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கதவைத் திறப்பதுதான் அது.

அதனால் யாரையும் சந்திக்கும் முன்பு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். உதாரணத்துக்கு, நீங்கள் நெல் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம், அதற்கு அரை சதவீதம் மேலே காட்டினாலும் விவசாயிக்குப் பண நஷ்டம். தண்ணீரின் மின்கடத்தாப் பொருள் மாறிலி (மின்சக்தியைத் தேக்கிவைக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்ற அளவு) 80-க்குப் பக்கம், காய்ந்த நெல்லுக்கு அது மிகக் குறைவு, அந்த வித்தியாசத்தைத்தான் கெப்பாசிட்டன்ஸ் மீட்டர் அளக்கிறது. களத்தில் வெயில் பட்டுச் சூடான நெல் என்றால் அதே ஈரத்துக்கு ரீடிங் கூடும். "எங்களுக்கு ஒரு சிப் செய்து தாருங்கள்" என்று எழுதினால் ஆய்வு நிலையத்து ப்ரொஃபசருக்கு ஒன்றும் புரியாது. "சூடான நெல்லில் எங்கள் ரீடிங் இவ்வளவு தவறுகிறது, வெப்பநிலையையும் சேர்த்துப் படிக்கிற சர்க்யூட் வேண்டும், வருஷத்துக்கு இத்தனை பீஸ் போகும், ஒரு பீஸுக்கு இவ்வளவுதான் தாங்கும்" என்று எழுதுங்கள். அப்புறம் அதே பக்கத்தின் கீழே, உங்களிடம் ஏற்கனவே இருப்பது என்ன என்று தேதி போட்டுப் பட்டியல் எழுதுங்கள்: மில்லில் எடுத்த அளவீடுகள், எலெக்ட்ரோடு வடிவம், மீட்டரைச் சரிபார்த்து அளவு பொருத்துகிற காலிபரேஷன் முறை. பின்னால் யாருடையது எது என்ற கேள்வி வரும்போது உங்களைக் காப்பாற்றப்போவது இந்தப் பட்டியல்தான், இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால், பேசப் போகும் முன்பே ப்ரொவிஷனல் பேட்டன்ட், அதாவது முழு விவரம் பின்னால் தருகிற தற்காலிக விண்ணப்பம், போடுங்கள். ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய், முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். கருத்தரங்கில் காட்டிவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், பேட்டன்டுக்கு வேண்டிய புதுமை போய்விடும். சிப்பின் லேஅவுட்டுக்கு, அதாவது உள்ளே சர்க்யூட் அமைந்திருக்கிற வரைபடத்துக்கு, தனிச் சட்டமே 2000-ல் வந்திருக்கிறது, பதிவு செய்தால் 10 வருஷம் பாதுகாப்பு.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது? டிசைன் சந்தேகம் என்றால் பக்கத்திலேயே ஐஐடி பாலக்காடு இருக்கிறது. பொருள் சம்பந்தப்பட்டது, அதாவது சப்ஸ்ட்ரேட் (சர்க்யூட்டைத் தாங்கும் அடிப்பலகை), செராமிக் போன்றவை என்றால் திருச்சூர் அத்தாணியில் மத்திய அரசின் மின்னணுப் பொருள் ஆய்வு மையமான சி-மெட். சிலிக்கானிலேயே ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்றால் வெளியாட்களுக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடுகிற மத்திய அரசின் ஐனப்-ஐ2ஐ திட்டம் வழியாக பெங்களூர் ஐஐஎஸ்சி, ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களின் நானோ ஃபேப் (மிக நுண்ணிய சாதனங்கள் செய்கிற ஆய்வகம்) வசதிக்கு விண்ணப்பிக்கலாம். பாலக்காட்டில் இரவு ரயில் ஏறினால் காலையில் பெங்களூர், ஆகவே தூரம் ஒரு காரணமில்லை. சிப்பாகவே அடித்து எடுக்க மொஹாலியில் மத்திய அரசின் செமிகண்டக்டர் லேபரட்டரியான எஸ்சிஎல்லின் 180 நானோமீட்டர் (சிப்பில் செய்யக்கூடிய மிகச் சிறிய அளவைச் சொல்கிற எண்) ஃபேப் இருக்கிறது. ஒரே வேஃபரில், அதாவது சிப்கள் அடிக்கிற சிலிக்கான் தட்டில், பலருடைய டிசைன்களைச் சேர்த்து அடித்துச் செலவைப் பகிர்கிற முறையில் போனால் சோதனைக்குப் போதுமான அளவு சிப் கிடைக்கும். சென்சார் சிக்னலைப் படிக்கிற அனலாக் வேலைக்கு 180 நானோமீட்டர் தாராளம். இன்னொன்று, போர்டிலேயே முடிகிற வேலைக்குச் சிப் கேட்டுப் போகாதீர்கள், அவர்கள் நேரமும் உங்கள் பணமும் வீண்.

சாம்பிள் எடுத்துப் போகிறீர்கள் என்றால் அதில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருங்கள். தங்கமும் செம்பும் சூட்டில் சிலிக்கானுக்குள் ஊடுருவி அடுத்தவர் டிவைஸைக் கெடுக்கும், விரல் வேர்வையில் இருக்கிற சோடியம் ஆக்ஸைடுக்குள் புகுந்தால் டிரான்சிஸ்டரின் த்ரெஷோல்டு வோல்டேஜே (அது ஆன் ஆகிற வோல்டேஜ்) நகர்ந்துவிடும். அதனால்தான் சில மெஷின்களில் உங்கள் வேஃபரை ஏற்ற மாட்டேன் என்பார்கள். சாதாரணப் பேப்பரையும் பென்சிலையும்கூட உள்ளே விட மாட்டார்கள், தூள் உதிரும். கோபித்துக்கொள்ளாமல், எந்த மெஷினில் ஏற்றலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இனி ஒப்பந்தம். எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டுப் போட்டோ எடுப்பதோடு நின்றுவிட்டால் எதுவும் நடக்காது. என்ன வேலை, யார் செய்வது, எந்த மாதம் எது கையில் வரும், நிலையம் நிர்வாகச் செலவுக்கு எடுக்கிற ஓவர்ஹெட் எவ்வளவு என்று தனி ப்ராஜெக்ட் ஒப்பந்தம் வேண்டும். பேட்டன்டைக் கூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் பேட்டன்ட் சட்டத்தின் 50-ஆவது பிரிவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், கூட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தானே பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் மூன்றாவது ஆளுக்கு லைசென்ஸ் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். நாளைக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று உங்கள் மீட்டரை லைசென்ஸில் செய்ய வந்தால், நிலையத்தின் கமிட்டி கூடுகிற வரைக்கும் அந்த ஆள் காத்திருப்பாரா? ஆகவே உங்கள் துறையில், அதாவது தானிய ஈரப்பத அளவீட்டில், லைசென்ஸ் கொடுக்கும் உரிமை உங்களுக்கே என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

உங்கள் ப்ராஜெக்டில் வேலை செய்கிற மாணவர் ஆய்வுக் கட்டுரை போடத்தான் செய்வார், அது அவருடைய பட்டம், தடுக்கக் கூடாது. அதை அனுப்பும் முன்பு உங்களுக்குக் காட்டி, படித்துப் பார்க்க முப்பது நாள் தர வேண்டும் என்று கேளுங்கள், ஒப்புக்கொள்வார்கள். எம்.டெக் மாணவர் கோடையில் முடித்துவிட்டுப் போய்விடுவார், வேலை தெரிந்த ஒரே ஆளும் அவர்தான் என்றால் மறுபடி முதலிலிருந்துதான். ஐமெக் முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது: உங்கள் ஆள் ஒருவரை அங்கேயே சில மாதம் உட்கார வையுங்கள், சம்பளம் நீங்கள் கொடுங்கள், பிழை எங்கே வந்தது எப்படித் தீர்ந்தது என்பதெல்லாம் அவரோடு கம்பெனிக்குத் திரும்பி வரும். அதற்கு ஆளை ஜூனிலேயே முடிவு செய்துவிட்டு, மாணவர்கள் தலைப்புத் தேடுகிற ஜூலை, ஆகஸ்டில் அந்த ஒரு பக்கத்தோடு போய்ப் பாருங்கள்.