பாயும் சேவலைப் பழக்குவது எப்படி?

கையில் தீனி தின்று வளர்ந்த குஞ்சு, நான்கைந்து மாதம் ஆனதும் திடீரென்று காலைக் கொத்தும். பருவம் வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது. அதுவரை தோழனாகத் தெரிந்த நீங்கள் இப்போது போட்டிச் சேவலாகத் தெரிகிறீர்கள். மடியிலேயே வளர்ந்த சேவலுக்கு மனிதர்மேல் பயம் இருக்காது என்பதால் துணிச்சலும் அதிகம். இந்த வயதிலேயே பழக்கத் தொடங்குங்கள். இரண்டு வயதுச் சேவலைத் திருத்துவது பெரும்பாடு.

1. எண்ணிக்கையைச் சரிபாருங்கள்

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் இருக்கட்டும். இரண்டு மூன்று பெட்டைகளே இருந்தால் அவற்றையே திரும்பத் திரும்ப மிதிக்கும் (இணைசேரும்). முதுகிலும் பின்தலையிலும் இறகு உதிர்ந்து தோல் கிழியும். காயம்பட்ட பெட்டையை ஆறும்வரை தனியே வையுங்கள். முட்டைக்காகத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது.

2. அறிகுறியைப் படியுங்கள்

பாய்வதற்கு முன் சேவல் சொல்லிவிட்டுத்தான் பாயும். ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றி வரும், தலையைத் தாழ்த்திக் கழுத்து இறகைச் சிலிர்க்கும், இல்லாத தீனியைத் தரையில் கொத்துவதுபோல் பாவனை காட்டும். ஆனால் ‘கொக் கொக்’ என்று அழைத்து, தீனியை எடுத்து எடுத்துப் போடுவது பெட்டைகளுக்கான விருந்து. அதைக் கோபம் என்று நினைத்து விரட்டாதீர்கள்.

3. எதிரே வந்தால்

முழுக்கால் சட்டையும் முழங்கால்வரை வரும் பூட்ஸும் போட்டுக்கொண்டு போங்கள். சேவல் சிலிர்த்ததும் நின்றுவிடுங்கள். முதுகைக் காட்டாதீர்கள், ஓடாதீர்கள். ஒரு வாளியையோ அகலமான மூடியையோ குறுக்கே பிடித்து, மெதுவாக இரண்டு அடி அதை நோக்கி நடங்கள். அது திரும்பி நடக்கும்வரை, அல்லது இறகு கோதத் தொடங்கும்வரை, அங்கேயே நில்லுங்கள். பிறகுதான் நகர வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நீங்கள் பின்வாங்கினால், பாய்ந்தால் பலன் உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். எட்டி உதைத்தால் சண்டைக்கு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு இன்னும் மூர்க்கமாக வரும்; எலும்பும் முறியலாம்.

4. தூக்கிப் பழக்குங்கள்

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. எனவே அடைந்த பிறகு பிடிப்பது எளிது.

இரு கைகளாலும் இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். அக்குளில் இடுக்கிக்கொண்டு, கால்கள் இரண்டையும் விரல்களுக்கிடையே பிடியுங்கள். முகத்துக்கு அருகே கொண்டுவராதீர்கள். 5 முதல் 10 நிமிடம் அப்படியே வேலையைப் பாருங்கள். திமிறுவதை நிறுத்தி உடல் தளர்ந்த பிறகே தரையில் விடவேண்டும். திமிறும்போது விட்டால் திமிறினால் விடுதலை என்பதுதான் பாடமாகும். இரண்டு மூன்று வாரம், தினமும்.

மார்பை இறுக்காதீர்கள். பறவைகளுக்கு உதரவிதானம் (நமக்கு மூச்சுவிட உதவும் தசைத்திரை) கிடையாது. மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் இதனாலேயே ஆபத்து.

5. முள்ளை மழுக்குங்கள்

கால் முள்ளின் உள்ளே எலும்பும் இரத்தக் குழாயும் உண்டு. அடியோடு வெட்டக் கூடாது. கூர்முனையை மட்டும் 2, 3 மில்லிமீட்டர் அரத்தால் தேய்த்து உருட்டிவிடுங்கள். இரத்தம் கசிந்தால் சோளமாவு வைத்து அழுத்துங்கள். முள் உங்களைக் கீறினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; ஆழமான குத்து என்றால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கூவுவதை மட்டும் பழக்கி நிறுத்த முடியாது. அதற்கு உள்ளுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இருட்டான கூண்டு சத்தத்தை ஓரளவு குறைக்கும். கழுத்துப்பட்டை விற்கிறார்கள், மூச்சு முட்டும், வாங்காதீர்கள்.

சாதுவான சேவல் திடீரென்று குணம் மாறினால் பழக்குவதற்கு முன் இறகை விலக்கிப் பேன், உண்ணி, புண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாயும் சேவலுக்குத் தனி அடைப்புதான் சரி, ஏனென்றால் அது பாயும் உயரத்தில்தான் குழந்தையின் கண் இருக்கும். அந்தச் சேவலோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டைகளை அடைக்கும் வைக்காதீர்கள். மூர்க்கம் குஞ்சுக்கும் வரலாம்.