கராத்தே வகுப்பை இடையில் விடாமல் இருக்க: மூன்று முறை விட்டவளின் செய்முறை

நான் கராத்தே வகுப்பில் சேர்ந்தது நான்கு முறை. விட்டது மூன்று முறை. நான்காவது தடவைதான் பிடித்தது. இப்போது இரண்டு வருடம் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் எனக்கு மன உறுதி போதாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தபோது தெரிந்தது, மூன்றில் இரண்டு முறை என்னை நிறுத்தியது காயாத உடுப்பு. மற்றது பஸ்.

நான் பழகுவது ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவு. ஜூடோ, டைக்குவாண்டோ பழகுகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். பெல்ட் கட்டுவது எப்படி என்று இங்கே எழுதவில்லை. முதல் நாளே பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளை ஒன்று காட்டித் தரும்.

படி 1: வழியில் இருக்கும் வகுப்பைப் பிடியுங்கள்

கொழும்பில் கராத்தே பழக்கும் நல்ல சேர் யார், எந்த வகுப்புக்குப் பெயர் அதிகம் என்று விசாரிப்பதற்கு முன் உங்கள் ஒபிஸையும் வீட்டையும் ஒரு கோடு போட்டு இணையுங்கள். அந்தக் கோட்டில் இருக்கும் வகுப்புதான் உங்கள் வகுப்பு. எனக்கு ஒபிஸ் கொள்ளுப்பிட்டி, வீடு வெள்ளவத்தை, வகுப்பு நடுவில் பம்பலப்பிட்டி. காலி வீதி பஸ்ஸோ கரையோர ரயிலோ, எதில் வந்தாலும் வீட்டுக்கு முந்திய இடத்தில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் முறை சேர்ந்தது மருதானைப் பக்கம். அருமையான வகுப்பு. ஏழு வாரம் போனேன்.

சேர முன் ஒரு வகுப்பைச் சும்மா இருந்து பாருங்கள். கறுப்புப் பெல்ட்காரர் எவ்வளவு உயரம் உதைக்கிறார் என்று பார்க்காதீர்கள். கடைசி வரிசையில் தடுமாறும் வெள்ளைப் பெல்ட்டிடம் சேர் போய் நிற்கிறாரா என்று பாருங்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் கழிவு தருகிறோம் என்பார்கள். வேண்டாம், மாதம் மாதம் கட்டுங்கள்.

படி 2: இடையில் வீட்டுக்குப் போகாதீர்கள்

"கொஞ்சம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்" என்று வீட்டுக்குள் காலை வைத்தால் முடிந்தது கதை. பையைக் காலையிலேயே ஒபிஸுக்குக் கொண்டு போங்கள். ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம் போதும்.

படி 3: உடுப்பு

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கராத்தே உடுப்பைக் கீ என்பார்கள். ஆர்வக் கோளாறில் நான் முதலில் வாங்கியது 14 அவுன்ஸ் கன்வஸ் கீ. அவுன்ஸ் கூடினால் துணி தடிப்பு. குத்து விட்டால் கையில் 'டப்' என்று சத்தம் வரும், கேட்கவே பெருமையாக இருக்கும். செவ்வாய் இரவு தோய்த்துக் காயப்போட்டால் வியாழன் பின்னேரமும் கமக்கட்டும் கழுத்துப் பட்டியும் ஈரம். பல்கனி கடலைப் பார்த்தபடி இருக்கிறதே, காற்றுக்குக் காய்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் காற்றோடு உப்பும் வருகிறது. உப்புப் பிடித்த துணி ஈரத்தை விடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியும் மழையும் வேறு.

ஒரு வியாழன் அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் உடம்புச் சூட்டுக்கு அது மணக்கத் தொடங்கியது. ஜோடிப் பயிற்சியில் எதிரே நின்ற பிள்ளை மரியாதையாக முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டது. அடுத்த வியாழன் "தலையிடி சேர்" என்று மெசேஜ். அதற்கடுத்த செவ்வாயும். அப்படியே நின்றுவிட்டது.

இப்போது செய்வது இது. 8 அவுன்ஸ் கீ, இரண்டு. ஒரு பாரமான கீயை விட இரண்டு மெல்லிய கீ எவ்வளவோ மேல். தேர்வுக்கும் போட்டிக்கும் வேண்டுமானால் பிறகு நல்லதாக ஒன்று வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும், சாப்பிட முன்னமே, ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு 20 நிமிடம் ஊற வைக்கிறேன். வாசனைத் தூள் அந்த மணத்தை மூடுமே தவிரப் போக்காது. பிறகு வழக்கம் போல் தோய்க்கலாம்.

விசயம் பிழிவதில் இருக்கிறது. மெஷின் இல்லாவிட்டால் காய்ந்த துவாயை விரித்து, அதன் மேல் மேற்சட்டையைப் பரப்பி, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, ஏறி மிதியுங்கள். துவாய் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அப்போது தெரியும். பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, தும்புத்தடிக் கம்பைச் சட்டையின் ஒரு கைக்குள்ளால் விட்டு மறு கைக்குள்ளால் எடுத்து, வெருளி மாதிரி இரண்டு உயரமான கதிரைகளுக்கு நடுவே தொங்கவிட்டு ஃபேனைப் போடுங்கள். கமக்கட்டுக்குக் காற்றுப் போக வேண்டும், அதற்குத்தான் இந்தக் கம்பு. காலையில் காய்ந்திருக்கும், காற்சட்டை இடுப்பு நாடா மட்டும் கொஞ்சம் குளிர்ந்தாற்போல இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழும்பிய அம்மம்மா, இருட்டில் வெள்ளையாய்க் கையை விரித்துக்கொண்டு ஆடியதைக் கண்டு போட்ட சத்தம் எங்கள் சேரின் 'கியாய்' முழக்கத்தை விடப் பெரிது.

படி 4: வீட்டில் 15 நிமிடம், வாரத்தில் மூன்று நாள்

அதற்கு மேல் வேண்டாம். தினமும் ஒரு மணித்தியாலம் என்று திட்டம் போட்டவர்கள் யாரும் இப்போது வகுப்பில் இல்லை.

காட்டா என்றால் வரிசை மாறாமல் தனியே செய்யும் அசைவுத் தொடர். முதல் காட்டா ஹெயான் ஷோடான். 21 அசைவு, தரையில் ஆங்கில 'ஐ' எழுத்து வடிவில் நகர வேண்டும். இதன் பழைய வடிவமான பினானை இட்டோசு அங்கோ என்ற கராத்தே ஆசான் 1900களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தார். ஹெயான் என்ற பெயர் பிறகு ஷோட்டோகானைத் தொடங்கிய புனகோஷி கிச்சின் வைத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் செய்ய வந்த ஒன்று வெள்ளவத்தை பிளெட்டின் விறாந்தைக்குள் அடங்குமா? டிவி மேசையில் முழங்கை இடித்த பிறகு சேரிடம் கேட்டேன். மூன்று அடி முன்னேற வேண்டிய இடத்தில் ஓரடி முன்னே, அதே காலால் ஓரடி பின்னே, மறுபடி ஓரடி முன்னே வைக்கச் சொன்னார். செய்து பாருங்கள், முன்னுக்கு வரவேண்டிய கால் மாறாது, கையும் மாறாது.

ஸ்கிப்பிங் கயிறு பிளெட்டுக்கு ஆகாது. கீழ் வீட்டு மாமி ஏறி வந்து, "பிள்ளை, மேலை என்ன உரலே இடிக்கிறீங்கள்?" என்று கேட்டார். யோகா பாயும் வேண்டாம்: காலை அப்படியே பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது பாதம் நிற்க முழங்கால் மட்டும் முறுகும். வெறுங்கால், துடைத்த தரை, பக்கத்தில் வியர்வை துடைக்க ஒரு துணி.

படி 5: போயாவை முதலே குறித்து வையுங்கள்

போயா என்பது மாதாமாதம் வரும் பௌர்ணமி விடுமுறை. அது வகுப்பு நாளில் விழுந்தால் மண்டபம் பூட்டு. வெசாக் என்றால் இரண்டு நாள். ஒரு வகுப்பு போய்விட்டால் அடுத்ததற்கும் சாட்டுத் தேடும் மனம். வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் போயா நாட்களை வட்டமிட்டு, அன்று காலை வீட்டுப் பயிற்சி என்று எழுதிவிடுங்கள். தொடர்ந்து இரண்டு வகுப்பு விடக்கூடாது என்பது மட்டும்தான் எனக்குச் சட்டம்.

படி 6: கையை விடுவிக்கும் பயிற்சி

காட்டா மட்டும் செய்தால் தற்காப்பு வராது. வாரம் ஒரு நாள் ஐந்து நிமிடம் இதற்கு வையுங்கள். தம்பியிடம் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்த கையில் நான்கு விரல் ஒரு பக்கம், பெருவிரல் தனியாக மறுபக்கம். பெருவிரல் நுனியும் மற்ற விரல் நுனிகளும் சந்திக்கும் இடம்தான் வாசல். உங்கள் மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பை அந்த வாசலுக்குத் திருப்புங்கள். கையைப் பின்னே இழுக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், நானும் மாதக்கணக்காய் அதைத்தான் செய்தேன். முழங்கையை மடித்து அவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஓரடி கிட்டப் போங்கள். பயந்த உடம்புக்கு இது ஒவ்வாது, அதனால்தான் நூறு தடவை செய்ய வேண்டியிருக்கிறது. கழன்றதும் ஓடுங்கள். அடிக்க நிற்காதீர்கள்.

ஒபிஸ் உடுப்போடு, தோளில் பையோடும் செய்து பாருங்கள். கீ போட்டுக்கொண்டு யாரும் பஸ் ஏறுவதில்லை.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

"அக்கா, சத்தம் போடச் சொல்கிறார்கள், கொழும்பில் எந்த மொழியில் போடுவது?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் யோசிக்காத கேள்வி. சிங்களத்தில் "எபா!", அதாவது வேண்டாம். சின்னச் சொல், சுற்றி நிற்கும் யாருக்கும் விளங்கும். வாய்க்குள் சொல்லிப் பழகினால் தேவையான நேரத்திலும் வாய்க்குள்தான் நிற்கும். என்னால் பிளெட்டில் கத்த முடியாது, அதனால் மரைன் டிரைவில் ரயில் போகும் நேரம் பார்த்துக் கத்திப் பழகினேன். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்புலன்ஸ் 1990. மூன்றையும் போனில் போட்டு வையுங்கள்.

ஒரு அண்ணா, திருப்பி அடித்தால் நம் மேலேயே வழக்கு வருமா என்று கேட்டார். தண்டனைச் சட்டக் கோவை தற்காப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய விடுவதில்லை. அவன் விட்டுவிட்டு ஓடிய பிறகு துரத்திப் போய் அடிப்பது தற்காப்பில் சேராது.

மூன்று பேர் பெல்ட்டைத் தோய்க்கலாமா என்று கேட்டார்கள். தோய்த்தால் உழைப்பு கரைந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. தோய்க்கலாம், ஆனால் தனியாக. என் செம்மஞ்சள் பெல்ட்டை ஒரு முறை கீயோடு சேர்த்து ஊறப் போட்டேன். அந்தக் கீயின் இடது கை இன்றைக்கும் மாம்பழ நிறம்.