மழைக்குப் பின் நீச்சல் குளத்தைத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை முழுவதும் மூடிக் கிடந்த வீட்டு நீச்சல் குளத்தைக் கோடைக்காகத் திறப்பவர்கள், பச்சை படர்ந்த நீரைக் கண்டதும் குளோரினைத்தான் முதலில் கொட்டுகிறார்கள். அடியில் மக்கிக் கிடக்கும் இலைகளையும் சேற்றையும் அகற்றாமல் போடும் குளோரின், பாசியை அழிப்பதற்கு முன்பே அந்தக் குப்பையோடு வினைபுரிந்து பெருமளவு தீர்ந்துபோகிறது.

நீரைச் சோதிக்காமல் போடுவது இதைவிடப் பெரிய தவறு. நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 7.5 ஆக இருக்கையில், போட்ட குளோரினில் ஏறத்தாழ பாதி கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக நிற்கும். பிஎச் 8 ஆனால் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் பிஎச்சை மட்டும் திருத்தினாலும் போதாது. பிஎச்சை நிலையாகப் பிடித்து வைப்பது காரத்தன்மை; மழைநீர் கலந்து அது குறைந்த குளத்தில், இன்று சரிசெய்த பிஎச் நாளை மீண்டும் இடம் மாறிவிடும். ஆகவே காரத்தன்மையை முதலில் லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராமுக்குள் கொண்டுவந்து, பிறகு பிஎச்சை 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிறுத்தி, அதன்பின் வெயில் தாழ்ந்ததும் குளோரினைப் போட்டு, இரவு முழுவதும் பம்பை ஓட விட வேண்டும். பகலில் போட்டால் வெயிலே அதைச் சிதைத்துவிடும்.

கைக்கு வந்த அளவில் அள்ளிப் போடுவதும் வேண்டாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளம் சுமார் 45,000 லிட்டர் கொள்ளும். அதில் காரத்தன்மையை லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயர்த்தச் சுமார் 750 கிராம் சமையல் சோடா போதும்.

குறைந்த நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்புபவர்கள் இரும்பை மறந்துவிடுகிறார்கள். தெளிவாகத் தெரிந்த நீர், குளோரின் பட்டதும் தேநீர் நிறமாகிச் சுவரில் கறை படிய விடும். ஒரு வாளி நீரில் சிறிது குளோரினைக் கலந்து மறுநாள் வரை வைத்துப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். நீர் மிகவும் கடினமானதாக இருந்தால், தூளாகவோ துகளாகவோ கிடைக்கும் குளோரின் வகையான கால்சியம் ஹைப்போகுளோரைட்டுக்குப் பதில் திரவக் குளோரினைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. முன்னது கால்சியத்தை மேலும் கூட்டும்.

மெதுவாகக் கரையும் ட்ரைகுளோர் என்ற குளோரின் மாத்திரைகளையே எப்போதும் நம்பியிருந்தால், குளோரினை வெயிலிலிருந்து காக்க அவற்றில் உள்ள சயனூரிக் அமிலம் நீரில் சேர்ந்துகொண்டே போகும். அது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் குளோரின் மந்தமாகிவிடும், பிறகு நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அந்த மாத்திரையைக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டுடன் ஒரே வாளியில், ஒரே கரண்டியால்கூட, கலக்கவே கூடாது. தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். எந்த ரசாயனத்தையும் தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும், ரசாயனத்தின் மீது தண்ணீரை ஊற்றக் கூடாது.