ஆக்ராவை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

தாஜ்மகாலும் கோட்டையும் யமுனையின் ஒரு கரையில் இருக்கின்றன. இதிமாதுத் தவுலா கல்லறையும் மேதாப் பாக் தோட்டமும் எதிர்க்கரையில். ஆற்றை ஒருமுறை மட்டும் கடக்கும்படி வரிசை போட்டுவிட்டால் நான்கையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். பலர் குறுக்கும் நெடுக்குமாக அலைந்து பாலத்து நெரிசலிலேயே மாலையைத் தொலைக்கிறார்கள்.

1. நாள் குறிப்பது

வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் பனிமூட்டம் கட்டடத்தையே மறைத்துவிடும். அப்படிப்பட்ட நாளில் கோட்டையில் தொடங்கி, வெயில் ஏறியபின் தாஜுக்குப் போங்கள்.

2. டிக்கெட்

தொல்லியல் துறை இணையதளத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். தாஜ்மகாலில் இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குக் கூடுதலாக 200 ரூபாய். கட்டணம் மாறக்கூடியது, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். 50 ரூபாய் டிக்கெட் மட்டும் எடுத்தால் பளிங்கு மேடைக்கு ஏற முடியாது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். உள்ளே நுழைந்ததிலிருந்து 3 மணி நேரம்தான் கணக்கு.

3. பை

தின்பண்டம், புகையிலை, லைட்டர், கேமரா ஸ்டாண்ட் எதுவும் சோதனையில் தப்பாது. லாக்கருக்குத் திரும்பி ஓடினால் க்யூவில் மறுபடி கடைசி ஆள் நீங்கள்தான். போன், பர்ஸ், அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் போதும்.

4. தாஜ்மகால்

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே திறந்துவிடுவார்கள். கிழக்கு வாசல் அல்லது மேற்கு வாசல். தெற்கு வாசல் வழியாக உள்ளே விடமாட்டார்கள். பெட்ரோல், டீசல் வண்டிகள் தூரத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து பேட்டரி வண்டி, இல்லையேல் நடை.

பெரிய நுழைவாயிலைத் தாண்டியதும் எல்லோரும் போட்டோவுக்கு நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காமல் நேராகக் கல்லறைக்குப் போங்கள். தோட்டத்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். மேடை ஏறுமுன் செருப்புக்கு மேல் உறை மாட்ட வேண்டும். உள்ளே படம் எடுக்கத் தடை. மும்தாஜின் கல்லறை சரியாக நடுவில் இருக்கும். 1666-இல் இறந்த ஷாஜகானின் கல்லறையை அதன் மேற்கே வைத்ததால், கட்டடம் முழுவதும் காத்த சமச்சீர் அங்கே மட்டும் குலைந்திருக்கிறது. நாம் பார்ப்பவை மேல்தளத்து அடையாளக் கல்லறைகளே, உண்மையானவை கீழறையில். வெளியே வந்ததும் நான்கு மினார்களையும் கூர்ந்து பாருங்கள், லேசாக வெளிப்புறம் சாய்ந்திருக்கும். விழ நேர்ந்தாலும் கல்லறை மேல் விழாது.

5. கோட்டை

அமர் சிங் வாசல் வழியாக நுழையுங்கள். குறைந்தது 2 மணி நேரம் வேண்டும். தர்பார் மண்டபத்தோடு திரும்பிவிடாமல் ஆற்றுப் பக்கத்துக் கோபுரமான முசம்மன் புர்ஜ் வரை போங்கள். மகன் ஔரங்கசீப் 1658-இல் சிறைவைத்த ஷாஜகான், சாகும்வரை இருந்தது இந்தக் கோட்டையில்தான்.

6. அக்கரை

சாப்பாட்டுக்குப் பின் பாலத்தைக் கடந்து முதலில் இதிமாதுத் தவுலா. நூர்ஜகான் தன் தந்தைக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது, தாஜுக்கு முந்தியது. பளிங்கில் வண்ணக் கல் பதித்த வேலைப்பாட்டைக் கூட்டத்தின் இடிபாடின்றி கண்ணருகே பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. நேரம் இடித்தால்கூட இதை வெட்டாதீர்கள்.

மேதாப் பாக்கை சூரியன் மறைந்ததும் மூடிவிடுவார்கள், ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். தாஜின் பின்புறம் எதிரே நிற்கும்; மாலை வெயில் உங்கள் வலப்புறமிருந்து அதன் மேல் விழும்.

7. வாங்குவது

கடைகளைக் கடைசிக்கு வையுங்கள். ஆட்டோக்காரர் தானாக நிறுத்தும் கடையில் அவருடைய கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும். பேட்டா என்கிற நீர்ப்பூசணி இனிப்பில் பாகில் ஊறியதை அங்கேயே சாப்பிடுங்கள். ரயிலுக்கு உலர்ந்த வெள்ளை வகைதான் தாங்கும்.