நுரையீரலில் தழும்பு என்கிறார்கள், வீட்டில் என்ன செய்வது?

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். கடுமையான வைரஸ் நிமோனியாவிலிருந்து பிழைத்து வந்தவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் என் அன்றாட வேலை. வருபவர்கள் சிடி ஸ்கேன் அறிக்கையை நீட்டிவிட்டு முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "தழும்பு விழுந்துடுச்சாமே, இது போகுமா?"

ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு கட்டாதீர்கள். அறிக்கையில் 'கிரவுண்ட் கிளாஸ்' (ஸ்கேனில் மங்கலான புகைமூட்டம்போல் தெரியும் பகுதி) என்று இருந்தால், பெரும்பாலும் அது இன்னும் ஆறாத அழற்சி. மாதக்கணக்கில் மெல்லக் கரையும். வலைபோன்ற கோடுகள், இழுபட்டு விரிந்த மூச்சுக்குழாய்கள் என்றெல்லாம் எழுதியிருந்தால்தான் தழும்பை யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட நிழல்கள்கூடப் பலருக்கு முதல் ஆண்டில் குறைகின்றன. 2003இல் சார்ஸ் வந்து மீண்டவர்களிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 3 மாதம் கழித்து மருத்துவர் மறு ஸ்கேன் கேட்பது இதற்காகத்தான்.

சரி, அதுவரை சும்மா இருப்பதா? இல்லை. முதலில் உங்கள் மூச்சு எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தெரிய வேண்டும். ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவை விரலில் மாட்டிச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை உட்கார்ந்தபடி பார்த்தால் அது தெரியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். நாற்காலியில் 97 காட்டும். குளித்துவிட்டு வந்தால் பேச முடியாது. பயத்தில்தான் இப்படி இரைக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடக்கவிட்டுப் பார்த்தேன், 86க்கு இறங்கியது.

காரணம் இதுதான். காற்றுப்பைக்கும் ரத்த நாளத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரான் தடிமன்கூட இராது. அது புண்ணாகி, ஆறும்போது கொலாஜன் படிந்து தடித்தால், ஆக்ஸிஜன் கடந்துபோக அதிக நேரம் பிடிக்கும். ஓய்வில் ரத்தம் அந்த இடத்தைக் கடக்க ஏறக்குறைய முக்கால் விநாடி எடுத்துக்கொள்ளும், அது போதும். வேலை செய்யும்போது ரத்தம் விரைந்து ஓடுவதால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

அதனால் அசைந்து பார்த்து அளவெடுங்கள். முதல் தடவை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஓய்விலேயே 92க்குக் கீழ் இருந்தால் செய்ய வேண்டாம். விரல் சூடாக இருக்கட்டும், நகப்பூச்சு வேண்டாம், எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் 1 நிமிடம் எழுந்து எழுந்து உட்காருங்கள், உங்களுக்கு முடிந்த வேகத்தில். முடித்த கையோடு கருவியைக் கழற்றிவிடாதீர்கள். மிகக் குறைந்த எண் பல நேரம் நிறுத்திய பிறகுதான் வரும். 4 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நடுவில் 90க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நடைக்கு நான் சொல்லும் அளவு: மூச்சிரைப்பை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால் 3 அல்லது 4இல் இருக்க வேண்டும். ஒரு முழு வாக்கியம் பேச முடியணும், பாட முடியாது. 2 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓய்வு என்று பிரித்துக்கொள்ளலாம். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகம் அப்புறம். வாரத்தில் 2, 3 நாள் தொடைக்கும் பயிற்சி கொடுங்கள். படுக்கையில் கிடந்த வாரங்களில் கரைந்துபோன தசையும் இரைப்புக்கு ஒரு பெரிய காரணம். தழும்பு அப்படியே இருந்தாலும் கால் வலுத்தால் அதே தூரத்துக்கு மூச்சு குறைவாகவே வாங்கும். நோயாளிகளிடம் நான் அதிகம் மன்றாடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அன்றாட வேலைகளில் தொல்லை தருவது, தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். வாளி தூக்கும்போது, குனிந்து ஷூ கயிறு கட்டும்போது, கழிப்பறையில் முக்கும்போது கவனியுங்கள். தம் கட்டியிருப்பீர்கள். பலம் கொடுக்கும் நொடியில் மூச்சை வெளியே விடுங்கள். படியேறும்போதும் காலை ஊன்றி எழும்பும்போது வெளியே விடுங்கள். குனியாமல் உட்கார்ந்து, காலை மற்றத் தொடைமேல் வைத்து ஷூ மாட்டுங்கள். ஸ்டூலில் அமர்ந்து குளியுங்கள். தலைக்குக் கையைத் தூக்கித் தேய்ப்பது நிறைய மூச்சைத் தின்னும், இடையில் கையை இறக்கி ஓய்வு கொடுங்கள். துவட்டிக்கொள்வதும் அப்படித்தான். பெரிய துண்டைப் போர்த்தி உட்கார்ந்தால் ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடும்.

இரைப்பு முற்றிவிட்டால் முன்னே சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். வலுக்கட்டாயமாக ஆழமாய் இழுக்காதீர்கள், விறைத்த நுரையீரலுக்கு அது வீண் உழைப்பு. மூச்சை இழுத்துப் பந்துகளை மேலேற்றும் மூன்று பந்துக் கருவியோ பலூனோ தழும்பைக் கரைக்காது. மருத்துவமனையில் கொடுத்திருந்தால் சொன்ன அளவுக்குச் செய்யுங்கள், மூன்று பந்தும் ஏறவில்லையே என்று வருந்த வேண்டாம்.

ஸ்டீராய்டு சிலருக்கு நன்றாகவே உதவும், யாருக்கு என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகத் தொடரவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் ஆகியவை தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள், இருப்பதை அழிப்பவை அல்ல. வைரஸுக்குப் பிறகு தழும்பு வந்த எல்லோருக்கும் அவை தேவைப்படாது. அமியோடரோன் (இதயத் துடிப்புக் கோளாறுக்கானது), நைட்ரோஃபியூரன்டாயின் (சிறுநீர்த் தொற்றுக்கானது) போன்றவை நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்துகளையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள். டிஎல்சிஓ பரிசோதனை, அதாவது நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று அளக்கும் சோதனை, தேவையா என்றும் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஓரளவு நன்றாக இருந்தும் இது குறைந்திருக்கலாம்.

வீட்டில் ஆக்ஸிஜன் எழுதிக் கொடுத்தால் ஓய்வுக்கு எத்தனை லிட்டர், நடைக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. புகைப்பவர் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் பற்றியும் பேசுங்கள்.

திடீரென இரைப்பு கூடுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடு நீலமாவது, ஓய்விலும் 90க்குக் கீழே எண் நிற்பது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாற்காலிப் பயிற்சியின் எண்களைத் தேதியோடு எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.