வோல்ட் என்றால் என்ன, அதை மல்டிமீட்டரில் பார்ப்பது எப்படி

நம்மிடம் எல்லாமே கரண்ட்தான். கரண்ட் போச்சு, கரண்ட் வந்துருச்சு, கரண்ட் கம்மியா வருது கிரைண்டர் சுத்த மாட்டேங்குது. இந்தக் கடைசிப் புகாரில் குறைந்திருப்பது வோல்டேஜ். அதை அளக்கும் அலகுதான் வோல்ட்.

ஒரு கூலும் மின்னூட்டத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்த ஒரு ஜூல் ஆற்றல் தேவைப்பட்டால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு வோல்ட். பெயர் இத்தாலிக்காரரான அலெசாண்ட்ரோ வோல்டாவிடமிருந்து வந்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை நடுவில் வைத்து உலோகத் தகடுகளை அடுக்கி, 1800இல் பேட்டரி பற்றி உலகத்துக்குச் சொன்னவர்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது "இரண்டு இடங்களுக்கு நடுவே" என்பதைத்தான். மாடி எவ்வளவு உயரம் என்று கேட்டால் எங்கேயிருந்து என்று கேட்போம் இல்லையா, அப்படி. "இந்த ஒயரில் எத்தனை வோல்ட்?" என்பது பாதிக் கேள்வி. மீட்டருக்கு இரண்டு ஒயர் இருப்பதும் அதனால்தான், 11 கிலோவோல்ட் கம்பியில் இரண்டு காலையும் வைத்துக் காக்கா சும்மா உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

ஆயிரம் மில்லிவோல்ட் ஒரு வோல்ட், ஆயிரம் வோல்ட் ஒரு கிலோவோல்ட். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் 11 கிலோவோல்ட் (சில ஊர்களில் 22) போய், இரண்டு பேஸுக்கு (கரண்டைக் கொண்டுவரும் கம்பி) நடுவே சுமார் 433 வோல்ட்டாக வெளியே வருகிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) நடுவே பார்த்தால் அதை 1.732ஆல் வகுக்க வேண்டும், 250 வரும். அது வீடு வீடாகக் கம்பியில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நம் பிளக்கில் 230ஐ ஒட்டி நிற்க வேண்டும். தெருவின் கடைசி வீட்டுக்காரர் ஏன் எப்போதும் புலம்புகிறார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

சரி, அளப்போம். கறுப்பு ஒயர் "காம்" என்று போட்ட ஓட்டையில், சிவப்பு வோல்ட், ஓம் குறி போட்ட ஓட்டையில். பக்கத்திலேயே 10 ஆம்பியர் என்று இன்னொரு ஓட்டை இருக்கும், சிவப்பு ஒயர் அதில் இருக்கும்போது பிளக்கில் வைத்தால் நேரடி ஷார்ட். மீட்டரோடு கையும் வெந்துபோகும். ஒவ்வொரு முறையும் ஓட்டையைப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். திருகியை அலைக்கோடு போட்ட ஏசி பக்கம் 750க்கோ 600க்கோ திருப்புங்கள், 200இல் வேண்டாம். முனையில் உள்ள உலோகத்தில் கை படாமல் பிளாஸ்டிக்கைப் பிடியுங்கள், ஈரக் கை, வெறுங்கால் கூடாது. தோல் உரிந்த ஒயர் என்றால் குப்பையில் போடுங்கள்.

சுவரில் உள்ள பிளக் பாயிண்டை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே பெரிய ஓட்டை எர்த். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். கடைசி எண் பெரிதாக வந்தால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் 280, 300 என்று காட்டி பல்பெல்லாம் பளீரென்று எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு ஈபிக்கு போன் போடுங்கள். பெரும்பாலும் எங்கேயோ நியூட்ரல் அறுந்திருக்கும். டிவியும் பிரிட்ஜும் புகைவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

லோ வோல்டேஜ் வீட்டுக்குள்ளா, தெருவிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. சும்மா இருக்கும்போது ஒரு பிளக்கில் அளந்துகொள்ளுங்கள், அப்புறம் அதே லைனில் இருக்கிற ஹீட்டரைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 228 இருந்தது 195க்கு விழுந்து, வேறு லைனில் உள்ள அறையில் மட்டும் எண் அப்படியே நின்றால், அந்த லைனின் ஒயர் மெலிசு, அல்லது எங்கோ ஸ்க்ரூ லூஸ். எல்லா அறையிலும் சேர்ந்து விழுந்தால் மெயினிலோ அதற்கு வெளியிலோ பார்க்க வேண்டும். 180 வோல்ட்டில் ஹீட்டர் தன் சூட்டில் அறுபது சதவீதம்தான் தரும், ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது கணக்கு. மோட்டார் பாவம், குறைந்த வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுத்துச் சுருளைச் சுட்டுக்கொள்ளும்.

இன்னொன்று: எங்கும் இணைக்காமல் தொங்கும் ஒயரில் டிஜிட்டல் மீட்டர் 40, 60 என்று காட்டலாம். பக்கத்து ஒயரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் பொய் வோல்டேஜ் அது, ஒரு பல்பைச் சேர்த்தால் காணாமல் போகும். அதற்காக "பொய்தான்" என்று தொட்டுவிடாதீர்கள்!

பேட்டரிக்கு, நேர்கோடு போட்ட டிசி பக்கம் வாருங்கள். மஞ்சள் மீட்டரில் "2000" பக்கத்தில் சின்ன எழுத்தில் "எம்" இருப்பது மில்லி, அதில் கடிகார செல் 1532 காட்டினால் 1.532 வோல்ட். கார் பேட்டரிக்கு 20இல் வையுங்கள். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12க்கு வந்தால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது 13.8லிருந்து 14.4 வரை வர வேண்டும்; வரவில்லை என்றால் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள், முதலில் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.