சக்கரக்கோட்டை கண்மாய்க்குக் கிளம்பும் முன்

ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது சக்கரக்கோட்டை பறவைகள் சரணாலயம். 2025-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவை வருவதும் வராததும் கண்மாய்த் தண்ணீரைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கரை வெறிச்சோடிக் கிடக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள்.

காலை ஆறரைக்குள் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகுப்பக்கம் விழுவதால் நாரை, கொக்குகளின் நிறம் தெளிவாகத் தெரியும். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும்.

கூடுள்ள கருவேல மரங்களை நெருங்கவே கூடாது. தாய்ப்பறவை மிரண்டு எழும்பினால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை முட்டையைக் கொத்திவிடும். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். மங்கிய பச்சை நல்லது. குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.